எழுந்திருங்கள், கிராணியாரே!

தோட்டத்தில் நடந்து நடந்து தேய்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அலுவலகத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து தேய்கிறார்கள். எட்டு மணி நேர வேலைக்குள் உடம்புக்கென்று கொஞ்சம் இடம் கிடைக்குமா? தைப்பிங்கிலிருந்து ஒரு பார்வை.

மாலை ஐந்து மணி. தைப்பிங் ஏரிப் பூங்காவின் ஓரம் வரிசை கட்டி நிற்கும் கிழட்டு மரங்கள் இலை மடிக்கத் தொடங்கும் நேரம். சாலைக்கு மேலாகக் கைநீட்டி ஏரித் தண்ணீரைத் தொடுகிற மரங்கள் அவை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் நட்டவை. நாம் தூங்குமூஞ்சி மரம் என்போம். மலாய்க்காரர்கள் வைத்த பெயர் 'புக்குல் லீமா'. ஐந்து மணி மரம் என்று அர்த்தம். வேலை முடிகிற நேரம் மரத்துக்கே தெரிந்திருக்கிறது.

மரம் தூங்கப் போகும் அந்த நேரத்தில்தான் மனிதர்கள் வருகிறார்கள். காடியை ஓரமாக நிறுத்தி, பின்சீட்டில் கிடக்கும் சப்பாத்தை எடுத்து மாட்டுகிறார்கள். சிலருக்கு அலுவலக அட்டை இன்னும் கழுத்திலேயே தொங்குகிறது. முதல் நூறு அடி நடையைப் பாருங்கள். ஒரு கை இடுப்பில் இருக்கும், முதுகு நிமிர மறுக்கும். நாள் முழுக்க மடிந்திருந்த உடம்பு மெல்ல மெல்லத்தான் விரிகிறது.

பாதிச் சுற்று வருவதற்குள் மெக்ஸ்வெல் மலைப் பக்கமிருந்து காற்று மாறுகிறது. பெரிய பெரிய துளிகள். தீபகற்ப மலேசியாவில் அதிகம் மழை பெய்யும் ஊர் இது. ஆண்டுக்குச் சுமார் 4,000 மில்லிமீட்டர். மழை எந்த நேரத்துக்கு வரும் என்று அந்தக் காலத்தில் பந்தயமே கட்டுவார்களாம். நடந்தவர்கள் எல்லோரும் காடியை நோக்கி ஓடுகிறார்கள். அன்றைய உடற்பயிற்சி அந்த ஓட்டம்தான். "சரி, நாளைக்குப் பார்ப்போம்."

அந்த 'நாளைக்கு' என்ற சொல்லைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. வேலை முடிந்த பிறகுதான் உடம்பு என்று வைத்தால், மழையோ மேலாளரோ பிள்ளைகளின் டியூஷனோ எப்படியும் ஒன்று குறுக்கே வரும். அதனால் நடையை வேலை நாளுக்குள்ளேயே கொண்டுவந்தாக வேண்டும்.

நாற்காலி ஒரு கனவாக இருந்த காலம்

பேராக்கின் ரப்பர் தோட்டங்களில் விடியலுக்கு முன்பே தண்டவாளத் துண்டைத் தட்டுவார்கள். பெரட்டுக்கு ஓட வேண்டும். பேர் கொடுத்துவிட்டு இருட்டோடு காட்டுக்குள் நுழைந்தால் ஓர் ஆளுக்கு நானூறு, ஐந்நூறு மரம். மரத்துக்கு மரம் நடக்க வேண்டும், குனிய வேண்டும், பட்டை சீவி மங்கை நிமிர்த்தி வைக்க வேண்டும். வெயில் ஏறியதும் அதே மரங்களை இன்னொரு சுற்று வந்து பாலெடுக்க வேண்டும். பிறகு காண்டாக் கம்பின் இரண்டு முனையிலும் வாளி ஆட, ஸ்டோருக்கு நடை.

அதே தோட்டத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தவர் கிராணி. பல தோட்டங்களில் அவர் யாழ்ப்பாணத்தாராகவோ மலையாளியாகவோ இருப்பார். மேசையில் செக்ரோல், பக்கத்தில் மைக்கூடு, சட்டையில் கறை கிடையாது. நாற்காலிக்கு இந்த ஊரில் நீண்ட சரித்திரம் உண்டு. 1885 ஜூன் முதல் தேதி, தைப்பிங்கிலிருந்து இன்று கோலா செப்பத்தாங் எனப்படும் போர்ட் வெல்டுக்கு மலாயாவின் முதல் ரயில் ஓடியது. தண்டவாளம் போட இலங்கையிலிருந்து ஆள் வந்தது. அடுத்தடுத்த ஆண்டுகளில் ரயில், தபால், கணக்கு அலுவலகங்களுக்கு யாழ்ப்பாணத்துப் படித்த இளைஞர்கள் வந்தார்கள். ரயிலுக்குப் பாதை வெட்டியவனும் அதற்குக் கணக்கு எழுதியவனும் ஒரே மொழி பேசினார்கள். ஒருவன் நடந்தான், ஒருவன் உட்கார்ந்தான்.

"நல்லாப் படிச்சு நாற்காலியில உட்கார்ற வேலைக்குப் போ" என்று லயத்து வீடுகளில் தாய்மார்கள் சொன்னார்கள் என்றால், அதில் ஒரு நியாயம் இருந்தது. தோட்டத்து நடையைப் புகழ்ந்து பாட நான் வரவில்லை. அதோடு மலேரியாவும் வந்தது, அரை வயிறும் வந்தது, வளைந்த முதுகும் வந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனையும் போய்த் தாமான்கள் வந்தன. பிள்ளைகள் படித்தார்கள். வங்கி, காப்புறுதி, கிளினிக் முகப்பு, நகராண்மைக் கழகம் என்று நாற்காலிகள் கிடைத்தன. கேட்ட வரம் கிடைத்தது. அந்த வரத்துக்குள் ஒரு கணக்கு ஒளிந்திருந்தது மட்டும் யாருக்கும் தெரியவில்லை.

பால்மரம் வெட்டி ஓய்வு பெற்ற என் பாட்டி, நாற்காலியில் சேர்ந்தாற்போல் பத்து நிமிடம் உட்கார மாட்டார். "காலு மரத்துப் போவுதுப்பா" என்று எழுந்துவிடுவார். அடுப்படி வரை போய்விட்டு வருவார், வாசலை எட்டிப் பார்ப்பார், மறுபடி வந்து உட்காருவார். வயசாகியும் அடங்காத கால் என்று நாங்கள் சிரித்தோம். பாட்டி செய்ததைத்தான் இன்று ஆய்வுக்கூடங்கள் அளந்துகொண்டிருக்கின்றன.

---
பெட்டிச் செய்தி: எண்கள் பேசுகின்றன

• 2022-இல் உலகின் வயதுவந்தோரில் 31 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறக்குறைய 180 கோடிப் பேருக்கு, போதிய உடலசைவு இல்லை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ஆண்களைவிடப் பெண்களிடம் இந்தக் குறை கூடுதல்.

• மலேசியச் சுகாதார அமைச்சின் 2019 தேசிய ஆய்வில் நான்கில் ஒருவர் போதிய அசைவில்லாதவர். 2023 ஆய்வில் இது ஏறக்குறைய மூவரில் ஒருவர்.

• அதே 2023 ஆய்வின்படி வயதுவந்தோரில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு எடை கூடுதல் அல்லது உடல் பருமன். 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர்.

• 2019 ஆய்வில் மலேசிய இந்தியர்களிடையே இனிப்புநீர் 31.4 விழுக்காடு. எல்லா இனங்களிலும் நாமே முதலிடம்.
---

மாடிப்படி ஏறிய கண்டக்டர்

உட்காரும் வேலைக்கு ஒரு விலை உண்டு என்பதை உலகுக்கு முதலில் உறைக்கச் சொன்னது லண்டன் நகரத்து இரட்டை மாடிப் பேருந்து. ஜெரி மோரிஸ் என்ற மருத்துவர் பேருந்து ஓட்டுநர்களையும் கண்டக்டர்களையும் ஒப்பிட்டு 1953-இல் 'லான்செட்' இதழில் எழுதினார். சீருடையும் ஒன்று, பேருந்தும் ஒன்று. ஓட்டுநர் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார். கண்டக்டர் ஒரு நாளைக்கு ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள் ஏறி இறங்கினார். மாரடைப்பு ஓட்டுநர்களைத்தான் அதிகம் தாக்கியது. தபால் இலாகாவிலும் அதே கதை. நடந்து கடிதம் கொடுத்தவர்கள், உள்ளே உட்கார்ந்து வேலை செய்தவர்களைவிடத் தப்பினார்கள்.

2016-இல் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களைத் திரட்டிய ஓர் ஆய்வும் 'லான்செட்'டில் வந்தது. நாளைக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் உட்காருபவரும், 60 முதல் 75 நிமிடம் விறுவிறுப்பாக நடந்தால் அந்தக் கூடுதல் ஆபத்து ஏறக்குறைய இல்லாமலாகிறது என்றது. நல்ல செய்திதான். ஆனால் நாளைக்கு ஒன்றேகால் மணி நேரத்துக்குக் குமாஸ்தா எங்கே போவார்?

விலையைக் கட்டுவது யார்?

தொடைத் தசையும் கெண்டைக்காலும்தான் உடம்பில் சர்க்கரையை அதிகம் தின்னும் வாய்கள். தசை சுருங்கி விரியும்போது இரத்தத்திலிருந்து சர்க்கரையை நேரடியாக இழுத்துக்கொள்ளும், இன்சுலினுக்காகக் காத்திருக்காது. கால் சும்மா இருந்தால் அந்த வாய் மூடிக்கொள்கிறது. மதியம் வாழையிலைச் சாப்பாடு, கையோடு ஒரு தே தாரிக், பிறகு நான்கு மணி நேரம் நாற்காலி என்றால், சாப்பிட்ட சர்க்கரை இரத்தத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். உண்ட களைப்பு தொண்டருக்கும் உண்டு என்போமே, அந்தக் களைப்போடு திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் இரண்டு மணிதான் உடம்புக்கு மோசமான நேரம்.

இது ஒரு நாளில் தெரியாது, பத்து வருடத்தில் தெரியும். முதலில் இடுப்புவார் ஒரு துளை தள்ளிப் போகும். பிறகு சுகாதாரக் கிளினிக்கில் ஒரு சின்னப் புத்தகம் கொடுப்பார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை இரத்தம், மாத்திரைப் பை, கண் சோதனை, பாதச் சோதனை. நாற்பது வயதுக்காரர் தன் அப்பா உட்கார்ந்த அதே பெஞ்சில் வரிசைக்கு உட்காருவதை நம் ஊர்க் கிளினிக்குகளில் பார்க்கலாம். அப்பாவுக்கு அறுபதில் வந்தது மகனுக்கு நாற்பதிலேயே வந்துவிடுகிறது.

அடுத்த நிலையம் சிறுநீரகம். மலேசியாவில் டயாலிசிஸில் இருப்பவர்கள் 50,000-க்கும் மேல். புதிதாகச் சேர்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு மூல காரணம் இனிப்புநீர். வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம். உட்கார்ந்தே சம்பாதித்தவர் கடைசியில் உட்கார்ந்தபடியே இரத்தம் சுத்திகரித்துக்கொள்கிறார். வேலை போகிறது, அல்லது பாதி வேலையாகிறது. கூட்டிப்போகவும் கூட்டிவரவும் வீட்டில் இன்னொருவரின் நாளும் போகிறது.

நாட்டுக்கும் கணக்கு உண்டு. 2017-ஆம் ஆண்டில் இனிப்புநீர், இருதய நோய், புற்றுநோய் மூன்றுக்கும் நேரடி மருத்துவச் செலவு மட்டும் 965 கோடி ரிங்கிட் என்று சுகாதார அமைச்சும் உலகச் சுகாதார நிறுவனமும் சேர்ந்து கணித்தன. அதில் 438 கோடி இனிப்புநீருக்கே. மருத்துவ விடுப்பு, பாதி மனதோடு செய்த வேலை, சீக்கிரமே ஓய்வு பெற்ற கைகள் இதில் சேரவில்லை. அந்த நஷ்டம் முதலாளியின் கணக்குப் புத்தகத்தில் வேறு பெயரில் உட்கார்ந்திருக்கிறது.

எல்லாப் பழியையும் நாற்காலி மேல் போடுவதும் நேர்மையில்லை. சோறு, சீனி, பரம்பரை, தூக்கம் எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு. ஆனால் பரம்பரையை மாற்ற முடியாது. சோற்றைக் குறைக்க வீடே ஒத்துழைக்க வேண்டும். எழுந்து நடக்க இரண்டு கால் போதும்.

ஐந்து நிமிடத்தின் கதை

நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கீத் டயாஸ் குழு 2023-இல் ஒரு சோதனையை வெளியிட்டது. பதினொரு பேரை எட்டு மணி நேரம் நாற்காலியில் உட்காரவைத்து, வெவ்வேறு நாளில் வெவ்வேறு இடைவெளியில் எழுப்பி நடக்கவிட்டார்கள். அரை மணிக்கு ஒரு முறை ஐந்து நிமிடம் நடந்த நாளில், சாப்பாட்டுக்குப் பிறகு ஏறும் சர்க்கரை 58 விழுக்காடு குறைந்தது. எந்த அளவில் நடந்தாலும் இரத்த அழுத்தம் நான்கைந்து புள்ளி இறங்கியது. சிறிய சோதனைதான். ஆனால் அது காட்டும் திசை பாட்டி காட்டிய அதே திசை.

அரை மணிக்கொரு முறை ஐந்து நிமிடம் என்றால் மேலாளர் முறைப்பார். முறைக்கட்டும். முழுதாக முடியாவிட்டால் பாதியாவது செய்யலாம். 2020-இல் உலகச் சுகாதார நிறுவனம் தன் பரிந்துரையைத் திருத்தியது. முன்பு ஒரே தடவையில் பத்து நிமிடமாவது தொடர்ந்து செய்தால்தான் கணக்கு. இப்போது அந்த நிபந்தனை இல்லை. இரண்டு மாடி ஏறினாலும் சேரும், போன் பேசியபடி நடந்தாலும் சேரும். வாரத்துக்கு 150 நிமிடம் குறைந்த இலக்கு. ஐந்து வேலை நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு முப்பது. அளவுகோல் எளிது: நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. இதோடு வாரம் இரண்டு நாள் தசைக்கு வேலை கொடுங்கள். நாற்காலியைப் பிடிக்காமல் பத்து முறை எழுந்து உட்கார்ந்தாலே ஒரு தொடக்கம்.

பத்தாயிரம் அடி நடந்தே ஆக வேண்டுமா? 1964 தோக்கியோ ஒலிம்பிக்குக்குப் பிறகு ஒரு ஜப்பானிய நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த அடி எண்ணும் கருவியின் பெயரே 'பத்தாயிரம் அடி மானி'. வியாபாரப் பெயர் வேதவாக்காகிவிட்டது. வயதான பெண்களை வைத்து 2019-இல் வந்த அமெரிக்க ஆய்வில் நாளைக்கு 4,400 அடி நடந்தவர்களுக்கே நல்ல பலன் தெரிந்தது. 7,500 அடிக்கு மேல் பலன் கூடவில்லை.

---
பெட்டிச் செய்தி: தைப்பிங்காரரின் முப்பது நிமிடம்

காலை 7.50: அலுவலக வாசலில் இடம் தேடிச் சுற்ற வேண்டாம். இரண்டு தெரு தள்ளி நிறுத்துங்கள். ஐந்து நிமிடம்.

10.00: தே தாரிக்கைப் பொட்டலம் கட்டி மேசைக்கு வரவழைக்காதீர்கள். கடைக்கு நடந்து போங்கள். 'கூராங் மானிஸ்' என்று சொல்லுங்கள். முடிந்தால் தே ஓ கோசோங். ஐந்து நிமிடம்.

1.30: சாப்பிட்டதும் பத்து நிமிடம். மழையா? தைப்பிங் பட்டணத்தின் பழைய கடை வரிசைகளுக்கு முன்னால் 'காக்கி லீமா' இருக்கிறது. இந்த மழைக்காகவே கட்டிய ஐந்தடிப் பாதை.

3.00: அடுத்த மாடிக் கோப்பை வாட்ஸ்அப்பில் கேட்காமல் படியேறிப் போய் வாங்குங்கள். ஐந்து நிமிடம்.

4.15: போன் வந்தால் எழுந்து நின்று, நடந்தபடி பேசுங்கள். ஐந்து நிமிடம்.

கூட்டிப் பாருங்கள், முப்பது. ஐந்து மணிக்கு வானம் தெளிந்திருந்தால் ஏரிக்கரை நடை லாபம்.
---

ஞாயிற்றுக்கிழமை வீரர்கள்

வாரம் முழுக்க உட்கார்ந்துவிட்டு ஞாயிறு காலையில் மெக்ஸ்வெல் மலை ஏறுபவர்கள் ஒரு தனி இனம். கடல் மட்டத்திலிருந்து 1,250 மீட்டர் உயரத்து மலைவாசஸ்தலம். வளைந்து வளைந்து ஏறும் பாதை. திங்கட்கிழமை இவர்கள் மாடிப்படி இறங்கும்போது முனகுவதைக் கேட்டிருக்கிறேன். வாரக் கடைசியில் மட்டும் செய்தால் பலன் உண்டா? உண்டு. பிரிட்டனில் கிட்டத்தட்ட 90,000 பேரின் மணிக்கட்டில் கருவி கட்டி அளந்த ஆய்வு 2023-இல் வந்தது. வார இலக்கை ஓரிரு நாளில் முடிப்பவர்களுக்கும், பரவலாகச் செய்பவர்களுக்குக் கிடைக்கும் அளவு இருதயப் பாதுகாப்பு கிடைத்தது. ஆகவே மலைக்காரர்களைக் கேலி செய்யாதீர்கள். ஆனாலும் சாப்பிட்ட சர்க்கரையைச் செவ்வாய்க்கிழமை மதியமே எரிக்க ஞாயிற்றுக்கிழமை மலையால் முடியாது.

நிற்பது வேறு, நடப்பது வேறு

நாற்காலியை விட்டு எழுந்திருங்கள் என்று கமுந்திங் தொழிற்பேட்டைப் பக்கம் சொன்னால் சிரிப்பார்கள். அங்கே எட்டு மணி நேரமும் நின்றே வேலை. நின்றால் போதுமா? போதாது. ஒரே இடத்தில் நின்று ஒரே அசைவைச் செய்யும் உழைப்பில் இதயம் போதிய வேகம் பிடிப்பதில்லை. காலில் நரம்பு சுருட்டிக்கொள்வதுதான் மிச்சம். அவர்களுக்கு வேண்டியது உட்கார ஓர் இடமும், உடம்பை நீட்டி முறிக்கக் கொஞ்சம் நேரமும். அலுவலகக்காரருக்கு எழுந்திருக்க அனுமதி வேண்டும், தொழிற்சாலைக்காரருக்கு உட்கார அனுமதி வேண்டும். இரண்டு பேருக்கும் தேவை மாற்றம்.

பெண்களின் கணக்கு இன்னும் சிக்கல். ஐந்து மணிக்கு அலுவலகம் முடிந்தால் ஐந்தரைக்கு அடுக்களை தொடங்குகிறது. ஏரிக்கரை நடைக்கு வாருங்கள் என்று அவர்களிடம் சொல்லுமுன், வீட்டில் அரிசி களைந்து வைக்க யார் இருக்கிறார்கள் என்று கேட்க வேண்டும். வேலை நேரத்துக்குள்ளேயே கிடைக்கும் முப்பது நிமிடம் ஆண்களைவிட அவர்களுக்குத்தான் அதிகம் உதவும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. இனிப்புநீர் உள்ளவர்கள் ஜப்பான் சிலிப்பரில் வேக நடை போகாதீர்கள். மரத்த பாதத்தில் புண் வந்தால் தெரியாது. இன்சுலின் போடுபவர்கள் சட்டைப்பையில் ஒரு மிட்டாய் வைத்துக்கொள்ளுங்கள். நெஞ்சு இறுகினால் நின்றுவிடுங்கள், மருத்துவரைப் பாருங்கள்.

முதலாளிமார் கவனத்துக்கு

எல்லாவற்றையும் தொழிலாளியின் மனவுறுதி மேல் ஏற்றிவைப்பது சுலபம். எழுந்தால் முறைக்கிற அலுவலகத்தில் மனவுறுதி ஒரு வாரம் தாங்காது. 1955 வேலைச் சட்டம் ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறது: இடையில் முப்பது நிமிட ஓய்வாவது கொடுக்காமல் யாரையும் தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது. 2023 ஜனவரி முதல் தேதியிலிருந்து வார வேலை நேரம் 48 மணியிலிருந்து 45 ஆகக் குறைந்தது. வேலை நேரத்தையோ இடத்தையோ மாற்றித்தரச் சொல்லி எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம். அறுபது நாளுக்குள் முதலாளி பதில் சொல்ல வேண்டும். காலை ஏழரைக்கு வந்து நாலரைக்குப் போனால் மழைக்கு முன்னே ஏரியை ஒரு சுற்று வந்துவிடலாம் என்று நினைப்பவருக்கு இது ஒரு வழி.

வருமான வரியிலும் விளையாட்டுக் கருவி, உடற்பயிற்சிக் கூடக் கட்டணம் போன்றவற்றுக்கு ஆயிரம் ரிங்கிட் வரை தனிக் கழிவு உண்டு. பெரிய நிறுவனங்கள் ஆண்டுக்கு ஒரு விளையாட்டு நாள் வைத்து, டி-சட்டை அடித்து, படம் பிடித்துப் போடுகின்றன. அந்தச் செலவில் பாதி போதும், பூட்டிக் கிடக்கும் மாடிப்படிக் கதவைத் திறந்து விளக்குப் போட. இருண்டு, பழைய பெட்டிகள் அடுக்கிய படிக்கட்டை வைத்துக்கொண்டு 'லிப்ட் வேண்டாம்' என்று சுவரொட்டி ஒட்டினால் யார் ஏறுவார்கள்?

1880-இல், ஈயம் தோண்டிப் பாழாக்கிப் போட்ட குழிகளைத்தான் தைப்பிங் பூங்காவாக்கியது. நாட்டின் மூத்த பொதுப் பூங்கா அது. 2019-இல் பெர்லினில் உலகின் நிலைத்த சுற்றுலா நகரங்களில் மூன்றாவதாக இந்த ஊர் பேர் வாங்கியது. சுரங்கக் குழியை நடைப்பாதையாக்க முடிந்த ஊரில், வேலை நாளுக்குள் ஐந்து நிமிடம் தோண்டி எடுப்பது பெரிய காரியமில்லை.

எனவே வாசகர்களே, ஐந்து மணி மரம் இலை மடிக்கும்வரை காத்திருக்காதீர்கள். காலை பத்து மணிக்கே ஒரு முறை எழுந்திருங்கள். மேலாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: எழுந்து போகிறவரைப் பார்த்து "எங்கே போறீங்க?" என்று கேட்காதீர்கள். கூடவே எழுந்து போங்கள்.